பார் இருக்கும் இடம்

புயல் காப்பகத்தின் சாவி
என் ரேஷன் கடை மேசையில் கிடப்பதால்
எங்கள் ஊரின் வரலாற்றுக்கும் நான்தான் பொறுப்பு.
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மாலை நான்கரை.
வாடகை நாற்காலி நாற்பது, சுண்டல் இரண்டு படி,
பேச வருகிறவருக்குப் பஸ் காசும் ஒரு துண்டும்.
போன மாதம் கல்வெட்டுப் படியெடுக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள்
ஐஸ் கம்பெனி எடைக்கல் முத்திரைகளை எல்லாம் படியெடுத்து
முதலாளியைப் பயமுறுத்திவிட்டார்கள்.

இந்த மாதம் மதுரையிலிருந்து அகிலாண்டம் மேடம்.
தலைப்பு: பழைய துறைகள்.
கச்சான் அடிக்கிற ஆனி, படகு எதுவும் இறங்கவில்லை,
அதனால்தான் அத்தனை கூட்டம்.
வரலாற்றின் மேல் ஆசை என்று அவர் நினைத்தார்.
நான் திருத்தவில்லை.

சுவரில், யாரோ ஒரு பரங்கி வரைந்த கடல் படம்.
வேதாளைக்குத் தெற்கே, முயல் தீவுக்கும் மனோலிக்கும் நடுவில்
கொய்யாப்பழம் மாதிரி ஒரு தீவு.
"அங்கன தீவே கெடையாதே"
என்றார் இன்னாசி, சுண்டலை மென்றபடி.
கூடம் சிரித்தது.
"ஆமாம், வரைந்தவன் பிழை" என்றார் மேடம்.
அந்தப் பிழையைப் பற்றி
ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறாராம்.

அப்புறம் பயிற்சி. சார்ட் தாள், ஸ்கெட்ச் பேனா.
உங்கள் கடலை நீங்களே வரையுங்கள்.
ஆண்கள் கரையை ஒரே கோட்டில் முடித்துவிட்டுக்
கடலுக்கு மூன்று தாள் ஒட்டினார்கள்.
பள்ளிவாசல் மினாரும் செல்போன் டவரும்
ஒன்றுக்குப் பின் ஒன்று மறையும் இடத்தில்
நண்டு என்று எழுதினார்கள்.

பாசி எடுக்கிற பெண்கள் ஏழு பேருக்கு ஒரே தாள்.
நம்புஈஸ்வரி பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள்.
மரிக்கொழுந்து எங்கே, கஞ்சிப்பாசி எங்கே,
எந்தப் பிறைக்கு எந்தப் பார்,
மேடம் கேட்கக் கேட்கப்
பச்சையில் புள்ளி வைத்துக்கொண்டே போனாள்.

எனக்கு நீந்தத் தெரியாது.
ஆனால் அரிசிக்கு நிற்கும்போது
அவர்கள் பேசுவது காதில் விழும்.
அந்தப் பார் அங்கே இல்லை.
இரண்டு கூப்பிடு தூரம் மேற்கே இருக்கிறது.
ஏழு பேருக்கும் தெரியும்.
ஏழு பேரும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
சிறுமலர் மட்டும் சிரிப்பை இருமலாக்கினாள்.

போன தையில்
ஃபாரஸ்ட் போட் இவர்களை மறித்தது.
சாக்கைக் கவிழ்த்தது, நீர்க்கண்ணாடியைப் பிடுங்கியது.
நம்புஈஸ்வரியின் அபராத ரசீது
ஸ்மார்ட் கார்டோடு ஒரே கவரில் இருக்கிறது.
மாதாமாதம் அதை உருவி
இடுப்பில் செருகிவிட்டுத்தான் கார்டை நீட்டுவாள்.

மேடம் படத்தைப் போனில் எடுத்தார். அருமை என்றார்.
எல்லாரும் போன பிறகும்
சுவரில் அணையாமல் இருந்தது கொய்யாப்பழத் தீவு.
அதையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.
"அந்த இடத்தில் பாசி இல்லை, இல்லையா?"
நான் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாற்பதும் இருந்தன.
"ஒன்று குறைகிறது" என்றேன்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.
"அந்தப் பரங்கிக்கு
வழிகாட்டிக்கொண்டு போனது யாராக இருக்கும்"
என்று கேட்டது என்னையல்ல.
போட்டோவை அழித்தாரா, தெரியாது.
கடைசி பஸ் ஏழு பத்துக்கு.
துண்டை மறந்துவிட்டுப் போனார்.

பதிவேட்டில் எழுதினேன்:
வருகை ஐம்பத்திரண்டு.
கூட்டம் சிறப்பாக நடைபெற்றது.

வெள்ளிக்கிழமை பருப்பு வரிசையில் நம்புஈஸ்வரி கேட்டாள்,
"அடுத்த மாசம் என்னது?"
"பாட்டு. கடல் பாட்டு பதிவு பண்ண வாராங்க."
ரசீதை உருவினாள், செருகினாள், கார்டை நீட்டினாள்.
"பாட்டுல எடமெல்லாம் வருமே."
"வரும்."
பருப்பு எடை போடுவதையே பார்த்தபடி சொன்னாள்:
"சரி, மாத்திப் பாடிக்கிறோம்."