மாதிரிக் கிண்ணம்

நாலு ரோட்டுக்கு இந்தப் பக்கம்
புதிதாய்த் திறந்த கடை.
குளிர்பெட்டி ஓரம் ஒரு மேசை,
மேசைக்குப் பின்னால் நான்.
தலையில் கம்பெனித் தொப்பி,
வாயில் கம்பெனி வாக்கியம்:
"கெட்டித் தயிர் சார், புது மாதிரி,
ருசி பாருங்க, வாங்கணும்னு இல்ல."

ஆளுக்கு ஒரு மரக்கரண்டி,
அதன் நுனியில் சுண்டுவிரல் நகமளவு தயிர்.
கூடிப்போனால்
ஓசூரிலிருந்து திம்மராஜ் சார் போன் போடுவார்:
"பவளக்கொடி, அது மாதிரிக்குத்தான்.
பந்தி பரிமாறாதே."

ஒருவர் முகர்ந்துவிட்டு வைத்துவிட்டார்.
ஒருத்தி மூடியைத் திருப்பித் தேதி பார்த்தாள்.
பென்னாகரம் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றவர்
மூன்று கரண்டி தின்று
ஊறுகாய் இல்லையா என்றார்.
பன்னீரைத் தயிர் என்று விற்கிறீர்களா
என்று கேட்டார் ஒரு வாத்தியார்.
சின்னப்பயல் ஒருவன் நாக்கை நீட்டி
அம்மா துப்பட்டாவில் துடைத்தான்.
அவள் கவனிக்கவில்லை,
விலையைப் படித்துக்கொண்டிருந்தாள்.
எண்பத்தைந்து ரூபாய்.
எங்கள் தெருவில் ஒன்றரை லிட்டர் பால்.

"எப்படிம்மா இருக்கும்?"
"நல்லாருக்கும்க்கா."
நான் இன்னும் வாயில் வைக்கவேயில்லை.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் பில் போடும் இடத்துக்கு மட்டும்.
செக்யூரிட்டி சையத் அண்ணன்
வெயிலைப் பார்த்துத் திரும்பி நின்றார்.
கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன்,
விழவில்லை.
கரண்டியைக் குத்தினேன்,
கொடிக்கம்பம் மாதிரி நின்றது.
பிறகு, வாய் நிறைய.

மறந்துபோய் இரண்டு நாள் வெளியில் வைத்த தயிர்
நம்மைத் திட்டும்.
இது திட்டவில்லை.
கணக்கு டீச்சர்போல
காதோரம் தாடையைத் திருகி
"ம், அப்புறம்?" என்றது.
அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு
இறங்க மாட்டேன் என்றது.

அந்த நேரம் பார்த்து ஒரு அக்கா,
பாலக்கோடு மண்டியில் தக்காளி ஏற்றிவிட்டு
அப்படியே வந்திருப்பாள் போல,
நகக்கண்ணெல்லாம் சிவப்பு.
"இது எப்படி?" என்றாள்.
வாயைத் திறக்க முடியவில்லை.
தலையை மட்டும் ஆட்டினேன்.
என் மேலுதட்டைப் பார்த்தாள்,
சிரித்தாள்,
இரண்டு எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் படிவம் நிரப்பினேன்.
விற்றது: ஐந்து.
வாடிக்கையாளர் கருத்து: ஊறுகாய் கேட்டார்கள்.
ஊழியர் கருத்து என்று ஒரு கட்டம் இல்லை.

ராத்திரி அரை லிட்டர் தயிரைப்
பழைய வேட்டித்துணியில் முடிந்து
குளியலறைக் குழாயில் மாட்டினேன்.
குழாய் ஒழுகுகிறது என்று
ரூம்மேட் தமயந்தி இரண்டு முறை எழுந்து திருகினாள்.

விடிந்தபோது கைப்பிடியளவு மிச்சம்.
கீழே சொம்பில் இளம்பச்சைத் தண்ணீர்,
அதைக் களி கிண்ட ஊற்றினேன்.
உருண்டை நடுவில் கட்டைவிரலால் குழி பறித்து வைத்ததும்
ஓடாமல் உட்கார்ந்தது தயிர்.
புளிப்பு மட்டும் இன்னும் ஒரு நாள் போதாது.
முப்பத்திரண்டு ரூபாய் ஆனது.

ஒன்பதரைக்குத் தொப்பி போட்டேன்.
வாக்கியம் அதேதான்.
"எப்படிம்மா இருக்கும்?" என்றார் முதல் ஆள்.
"புளிக்கும்" என்றேன்.