கீழ்க் குழாய்

இருபது நிமிஷம் ஓடினால்
முள் சிவப்புக்கு ஏறிவிடுகிறதாம்.
வாழைக்குள் ஓட்டுகிற குட்டி டிராக்டரை
நொண்டி மாட்டை நடத்துவது போல்
நின்று நின்று
பேரணாம்பட்டு வரை கொண்டுவந்திருந்தார் கஜபதி.

ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்தினேன். தொய்வில்லை.
ரேடியேட்டர் வலையில் வாழைச் சருகு,
ஒரு குளவிக்கூடு. ஊதித் தள்ளினேன்.
முள் கேட்கவில்லை.

‘ஹெட் போயிடுச்சா?’ என்றார்,
விலை கேட்கிற குரலில்.
ஆயிலில் பால் கலக்கவில்லை,
தண்ணீரில் குமிழி இல்லை.
போகவில்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி
எதிர்க்கடை நயீம் பாய்
திட்டிக்கொண்டே கொடுத்த டீப் பாத்திரத்தில்
கொதிக்கவிட்டேன்.
வாயைத் திறந்தது. நல்ல பிள்ளை.

மறுபடி மாட்டி, ஓடவிட்டு,
அப்புறம்தான் கையை வைத்தேன்.
மேல் குழாய் சுட்டது.
கீழ்க் குழாய்
கிணற்றின் கடைசிப் படி மாதிரி.

ஆறவிட்டு அடித் திருகைத் திறந்தால்
ஒழுகவே யோசிக்கிறது.
கம்பி விட்டுக் குத்தினேன்:
சுண்ணாம்பு கரைத்த வெள்ளை,
நகத்தில் நொறுங்கும் உப்புச் சில்லு.

‘இன்னா தண்ணி ஊத்தனீங்க?’
‘நம்ம போர் தண்ணிதான்.’

தோல் ஷெட்டுகளைத் தாண்டி,
பள்ளத்தில் இருக்கிறது அவர் நிலம்.

‘இனிமே கேன் தண்ணி வாங்கி ஊத்துங்க,
கூலன்ட் கலந்து.’
சிரித்தார்.
‘ஊட்லயே நாங்க கேன் வாங்கறதில்ல.’

ரேடியேட்டரைக் கழற்றிச் சாக்கில் சுற்றினேன்,
குடியாத்தத்துக்கு அனுப்ப.
சீட்டுக்கடியிலிருந்து பாட்டிலை எடுத்து
பாதி குடித்துவிட்டு
என்னிடமும் நீட்டினார்.

வெயில்.
வாங்கிக் குடித்தேன்.