ஜனவரி பத்தொன்பது

கிளைபெடா துறைமுகத்தில் காற்று கொஞ்சம் முறைத்தால்
எங்கள் தெருவில் மின்சாரம் போய்விடும்.
மூன்று பேர் கொண்ட சுங்க முகவர் அலுவலகம்.
மரப்பலகை, உறைந்த மீன், எப்போதாவது ஒரு படகு எஞ்சின்,
எதுவும் எங்கள் தாள்கள் வழியாகத்தான் கரையேறும்.

ரிம்வீதாஸ் சண்டை போட்டுக்கொண்டு போனபோது
விட்டுப்போன கணினி அது.
இன்றைக்கும் அவன் பெயரைச் சொல்லித்தான் கண் விழிக்கும்.
"எடைக்குப் போடு" என்றார் ஸ்தாசிஸ்.
புதிய சர்வருக்கு விலை கேட்டுப் பார்த்தோம்,
கேட்டதோடு சரி.
நான்தான் திரையையும் விசைப்பலகையையும் கழற்றிவிட்டு
இரண்டு வன்தட்டுகளைத் திணித்து
கோட்டு மாட்டும் அலமாரிக்குள் உட்காரவைத்தேன்.
அதன் சூட்டில் கையுறை காயும்.
உக்னே தன் பூட்ஸையும் வைப்பாள்.

அதற்குள் நாங்கள் எதையும் எழுத முடியாது.
இரவு இரண்டு மணிக்கு அதுவே எழுந்து வரும்.
ஒவ்வொரு மேசையாகப் பார்த்து
மாறியதை மட்டும் எடுத்துக்கொண்டு
மாறாததைத் தொடாமல் திரும்பும்.

இரவு இரண்டு மணி என்பது அதன் கணக்கு.
உள்ளே இருந்த காசளவு பேட்டரி எப்போதோ செத்துவிட்டது.
மின்சாரம் போய் வந்தால் அதற்கு
2009 ஜனவரி ஒன்று, நள்ளிரவு.
நேரம் கேட்கலாம் என்றால் வெளியே வழியில்லை,
பாதுகாப்பு என்று இணையத்தை நானே அடைத்திருந்தேன்.
புயலுக்குப் புயல் புத்தாண்டு.
சில நாள் காலை பதினோரு மணிக்கு
அலமாரி தடதடக்கும். உக்னே சொல்வாள்,
"பார், அதற்கு நடுராத்திரி."

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, யாரோ அனுப்பிய விலைப்பட்டியலை
ஸ்தாசிஸ் திறந்தார்.
திங்களன்று வந்தால் எல்லாக் கோப்புக்கும் பூட்டு,
பணம் கேட்டு ஒரே ஒரு சீட்டு.

ஈரக் கோட்டுகளுக்கு நடுவே தரையில் மூவரும் உட்கார்ந்தோம்.
திரையை மறுபடி மாட்டினேன்.
ரிம்வீதாஸ், நல்வரவு.
உள்ளே நான்கு ஜனவரிகள்,
ஜனவரி பத்தொன்பது மட்டும் மூன்று.
எது பூட்டுக்கு முந்திய கடைசி நாள்?
மீனின் வெப்பநிலைச் சான்றிதழைத் திறந்தோம்,
பலகையின் கன அளவைத் திறந்தோம்.
மூன்றாவது பத்தொன்பதில்
'விலகல்' என்று ஒரு கோப்பு இருந்தது.

வியாழன் மதியம் எழுதியது.
வெள்ளி காலை அழித்தது.
இடையில் அது வந்து போயிருக்கிறது.

ஸ்தாசிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.
இந்த அலுவலகத்தில் இனி மாறுவதற்கு ஒன்றுமில்லை
என்று நான் எழுதிய வரியில் கொஞ்சம் நின்றார்.
உக்னே கோட்டுப் பொத்தான்களை எண்ணினாள்.

"அப்போ, வெள்ளிக்கிழமை வேலை மட்டும்தான் போச்சு?"
"ஆமாம்."
"தேதியே போடலையே நீ."
"அது போட்டிருக்கு," என்றேன்.

நான் இங்கே சேர்ந்தது 2016.
சேர்வதற்கு ஏழு வருடம் முன்பே விலகிவிட்டேன்.

மதியம் கைக்கடிகாரக் கடையில் பேட்டரி வாங்கினேன், மூன்று யூரோ.
ரசீதை ஸ்தாசிஸ் மேசையில் வைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை.
பழையதை நகத்தால் நெம்பி எடுத்து, புதியதை அழுத்தி,
இன்றைய தேதியை ஒவ்வோர் எண்ணாகத் தட்டினேன்.

எல்லாவற்றோடும் சேர்ந்து கடிதமும் திரும்பிவிட்டது,
என் திரையில், வைத்த இடத்திலேயே.
இன்றைக்கு அது வரப்போவது நிஜமான இரண்டு மணிக்கு.
அதற்குள் அழிக்க வேண்டும்,
அல்லது ஒரு தேதி போட வேண்டும்.

உக்னேயின் பூட்ஸ் இன்னும் காயவில்லை.