ஐந்தடி, ஓர் இஞ்ச்

பெரும்பாக்கம், நான்காவது மாடி.
லிஃப்ட்டுக்கு இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை.
கிரானைட் பலகையை மூன்று பேர் தூக்கி வந்து
சமையலறை மூலையில் பொருத்தினால்
கல்லுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து.
மூலையில் ஒன்றுமில்லை,
வெளியே வரவரக் கட்டைவிரல் நுழைகிறது.

கல்லைக் கோணலாக வெட்டிவிட்டீர்கள் என்றார்
பில்டர் அனுப்பிய ஆள்.
சுவர்தான் கோணல் என்றான் லூர்து.
லூர்து என் ஆள், அதனால்
நானும் அதையே சொன்னேன்.
இருபத்தெட்டு லட்சம் கட்டிய ஷாஹினா
எங்களில் யாரையும் நம்புவதாயில்லை.

பென்சிலை எடுத்தேன்.
மூலையிலிருந்து இந்தச் சுவரில் மூன்றடி, ஒரு புள்ளி.
அந்தச் சுவரில் நான்கடி, ஒரு புள்ளி.
இனி மூலையை யாரும் முறைக்க வேண்டாம்,
புள்ளிக்குப் புள்ளி டேப்பை இழு.
ஒன்பதும் பதினாறும் இருபத்தைந்து.
ஐந்தடி வந்தால் மூலைமட்டம்.
கூடினால் வாய் பிளந்த மூலை,
குறைந்தால் உதடு குவித்த மூலை.

மூலையைத் தொடாத பக்கம்தான்
மூலையைப் பற்றி உண்மை பேசும்.
கர்ணம் என்று பெயர் அதற்கு.
ஊர் நிலத்துக்குக் கணக்கு எழுதியவருக்கும்
அதே பெயர்தான்;
அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துப் பார்க்கலாம்,
இதற்கு முடியாது.

ஐந்தடி, ஓர் இஞ்ச்.

ஒரு இஞ்ச்தானே மேடம், என்றார் அந்த ஆள்.
அதில் துவரம்பருப்பு விழும்,
எறும்பு வரும், கரப்பான் வரும்,
நீங்கள் வர மாட்டீர்கள், என்றார் ஷாஹினா.
டேப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு எங்களுக்கு வேலையில்லை.
படுக்கையறையில் அரை இஞ்ச் குறைந்தது.
ஹாலில் முக்கால் இஞ்ச் கூடியது.
பூஜையறை என்று வரைபடத்தில் போட்டிருந்த,
அவர் புத்தகம் அடுக்கவிருந்த இடத்தில்
சுவர் வளைந்தே இருந்ததால் டேப் பதில் சொல்லவில்லை.
லூர்து டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு
அறை அறையாகப் பின்னால் போனான்,
மூன்று, நான்கு, மூன்று, நான்கு என்று
முணுமுணுத்தபடி.

கடைசியில் பால்கனி.
சிமெண்ட் மூட்டையும் உடைந்த வாளியும் கிடந்த மூலை.
காலால் ஒதுக்கிவிட்டு இழுத்தார்.
ஐந்து.
மறுபடி இழுத்தார்.
ஐந்தேதான், மயிரிழை பிசகவில்லை.
யார் கட்டியது இதை, என்று கேட்டார்.
பில்டரின் ஆளுக்குத் தெரியவில்லை.

சந்துக்கு சிலிகான் அடைத்துவிட்டுக் கிளம்பும்போது
பால்கனியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு
அந்த மூலையில் முதுகு சாய்த்து
டீ குடித்துக்கொண்டிருந்தார்.

என் வாடகை வீடு வியாசர்பாடியில்.
கட்டில் சுவரோடு ஒட்டுவதே இல்லை.
டேப் பையிலேயே இருக்கட்டும்.