பதினாலு புள்ளி ஒண்ணு

அட்டைப்பெட்டி நாலு வோல்ட் என்கிறது.
அட்டைப்பெட்டிகள் அப்படித்தான் சொல்லும்.
வால்யூம் முப்பத்திரண்டில் வைத்து
மீட்டரின் இரண்டு ஊசிகளையும் கொடுத்தேன்:
ஒன்று புள்ளி ஏழு.
முப்பத்து மூன்றில் அலையின் தலை
ஸ்கோப்பில் தட்டையாகிவிடுகிறது,
நிலைப்படியில் இடித்துக்கொண்டதுபோல.

கெங்கரை பெள்ளிராஜின் பிக்கப்
டானிங்டன் இறக்கத்தில், என் கடை வாசலில்,
பாதி மழையிலும் பாதி தகரத்துக்கு அடியிலும் நிற்கிறது.
மிதியடியில் கேரட் மண் காயவில்லை.
மேட்டுப்பாளையத்தில் யாரோ பூட்டிய ஆம்ப்ளிஃபயர்.
அதே யாரோ கெயின் திருகைக்
கடைசிவரை முறுக்கிவிட்டிருக்கிறார்.

"சத்தம் கூட்டுறதுதானே அது?"

இல்லண்ணா.
சத்தம் கூட்டுவது உங்கள் கைக்கு எதிரே இருக்கிறது.
சீட்டுக்கடியில் இருக்கும் இது
எவ்வளவு தாழ்ந்த குரலுக்குக் காது கொடுப்பது என்று
முடிவுசெய்கிற திருகு.
முழுக்க முறுக்கினால்
இருநூறு மில்லிவோல்ட்டுக்கே பதறி எழுந்துவிடும்.
செட்டுக்குள் ஓடும் மின்சாரத்தின் இரைப்பையும்
பாட்டென்று நம்பிப் பெரிதாக்கும்,
ஆல்டர்னேட்டரின் சிணுங்கலையும்.

அதைத்தான் நாலு மாதமாய்க் கேட்டபடி
ராத்திரிகளில் மூட்டையோடு இறங்கியிருக்கிறார்.
ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் கியரைக் குறைக்க
ஙீ என்று ஏறும்.
நேர்ச்சாலை வந்தால் தணியும், போகாது.
"கூடவே ஒரு கொசும்மா, குஞ்சப்பனை வரைக்கும்."

ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றினேன்.
ஐம்பது வாட், நாலு ஓம்.
பெருக்கினால் இருநூறு,
அதன் வர்க்கமூலம் பதினாலு புள்ளி ஒண்ணு.
பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக் காட்டியதை
மண்டிக்கணக்கு மாதிரி இரண்டு தடவை சரிபார்த்தார்.
வர்க்கமூலத்தை மட்டும் கடனாக ஏற்றுக்கொண்டார்.

பென்டிரைவில் பாட்டில்லை.
ஆயிரம் ஹெர்ட்ஸில் ஒரே ஒரு சுரம்.
ஸ்பீக்கர் இல்லாத வண்டிக்குள்
அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது,
மீட்டருக்கு மட்டும் கேட்டபடி.
திருகை அடிவரை தணித்துவிட்டு
மெல்ல ஏற்றினேன்.
ஆறு. ஒன்பது.
பன்னிரண்டரையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக் கடந்தது,
கை நடுங்கி பதினைந்தைத் தொட்டு
திரும்ப வந்தேன்.
பதினாலு புள்ளி ஒண்ணு.
திருகின் மேல் ஒரு பொட்டு நெயில் பாலிஷ்.
அந்தப் புட்டியை வாங்கி மூன்று வருடம்,
நகம் எதுவும் பார்த்ததில்லை அதை.

பிறகு, பேட்டரி ஒயரோடு
தோள்மேல் கை போட்டு ஓடிய சிக்னல் ஒயரைப் பிரித்து
வலப்பக்கமாய்க் கொண்டுபோனேன்.
எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டைச் சுரண்டி
தகரம் பளிச்சிடும்வரை தேய்த்தேன்.
சொல்ல வந்ததும் கேட்க வந்ததும்
ஒரே தரையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஏதாவது போடுங்கண்ணா."

போடவில்லை.
வால்யூமை முப்பத்திரண்டுக்கு ஏற்றினார்.
எஞ்சினை உறுமவிட்டார்.
கதவோரம் ட்வீட்டரில் காதை வைத்தார்.
தகரத்தில் மழை.
எதிரே பேக்கரியில் ஷட்டர் இறங்குகிறது.
மீண்டும் உறுமவிட்டார்.
மழை.

"ஒண்ணுமே கேக்கலையே."
ஆமாண்ணா.
"இதுக்கா எண்ணூறு ரூபா?"
ஆமாண்ணா.

சிரித்தார். ஆனால் இறங்கவில்லை.
என் டீ ஆறும்வரை
அந்த ஒன்றுமில்லாததற்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

பில் வேண்டும் என்றார், தம்பிக்குக் காட்ட.
செய்த வேலை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?
யோசித்து,
கொசு, ஒன்று, நீக்கியது
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வளைவில் பிரேக் விளக்கு இரண்டும்
மஞ்சுக்குள் சிவந்து, அணைந்தன.
கண்ணாடி ஏற்றியிருந்தார்.
பாட்டுப் போட்டாரா என்று தெரியவில்லை.