வந்துச்சு, வந்துடுச்சு

கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருந்தது.
மணலி போகும் டேங்கர் வண்டி
எண்ண எண்ணத் தீரவில்லை.
முப்பத்தெட்டோடு விட்டுவிட்டேன்.

ஹாய்ஃபாங்கில் ஒரு பள்ளிக்கு
ஆங்கிலம் சொல்லித்தர ஆள் வேண்டுமாம்.
அங்கேயும் துறைமுகம், அங்கேயும்
கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் நின்று
திட்டிக்கொண்டிருக்கும் ஸ்கூட்டர்கள்.
படத்தில் பார்த்தபோது
பாதி தூரம் போய்விட்டதுபோல இருந்தது.

கேட்டவை: ஏதாவது ஒரு பட்டம்,
நூற்றிருபது மணிநேரச் சான்றிதழ்,
மேலே வழக்கில்லை என்று போலீஸ் கடிதம்.
ஒரு வரி தள்ளிச் சின்ன எழுத்தில்
ஆங்கிலம் தாய்மொழியாக இருந்தால் நல்லது,
அடுத்து ஏழு நாடுகளின் பெயர்.
ஏழிலும் தண்டையார்பேட்டை இல்லை.

சான்றிதழுக்குத் தோடு ஒரு ஜோடி போனது.
தபாலில் படித்த எம்.ஏ. பட்டம்
என்னைவிட அதிகம் ஊர் சுற்றியது.
நோட்டரி, கோட்டை, டெல்லி, தூதரகம்.
திரும்பி வந்தபோது
முதுகெல்லாம் முத்திரை.

மாடித் தண்ணீர் மோட்டார் ஓய்ந்த பிறகு
ராத்திரிகளில் படித்தேன்.
ஹாவ், ஹாட், வில் ஹாவ் பீன்.
அப்புறம் அந்த 'தி'.
எங்களுக்குக் கேட் என்றால் ஒரே கேட்தான்,
அதற்கு முன்னால் எதற்கு ஒரு காவல்காரன்?

நேர்காணலில் வந்தவர் பெயர் க்ரேம்.
'ஐ வெயிட்டட்', 'ஐ ஹாவ் பீன் வெயிட்டிங்',
இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வாய், எமல்டா?
கேட் திறந்த பிறகு சொல்வது முதலாவது, சார்.
சாத்தியிருக்கும்போதே சொல்வது இரண்டாவது.
சிரித்தார். எழுதிக்கொண்டார்.

எனக்கும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.
பஸ்ஸுக்கு 'ஆன்', காருக்கு 'இன்', அது ஏன்?
யோசித்தார்.
அப்படிச் சொன்னால்தான்
காதுக்குச் சரியாக இருக்கிறது என்றார்.

காதுக்கு.
அதன் முதுகில் முத்திரை குத்த
எந்த நோட்டரியிடம் போவது?

தெரிவிப்போம் என்றார்கள்.
எதிர்காலம், தன்மைப் பன்மை,
எப்போது என்ற சொல் இல்லை.
இன்றோடு பத்தொன்பது நாள்.

கேட்டில் பக்கத்தில் வந்து நின்றான் லல்லன்.
சாக்குக் குடோனில் வேலை, ஊர் சிவான் பக்கம்.
நான் மிஸ் என்பது தெரியும்.
மிஸ், ஒரு டவுட்டு.
வண்டி வந்துச்சு, வண்டி வந்துடுச்சு.
ரெண்டும் சொல்றாங்க. எது கரெக்டு?

ரெண்டும்தான்.
அப்ப என்னா வித்தியாசம்?

அது... அப்படித்தான்பா வரும்.

சொன்ன பிறகுதான் கேட்டது,
என் வாயில் க்ரேமின் குரல்.

வெட்கமாக இருந்தது.
நூற்றிருபது மணிநேரத்தில்
ஒரு நிமிஷம்கூட இதற்குச் செலவழிக்கவில்லை.
டேங்கர்கள் போய்க்கொண்டே இருந்தன.

இரு, லல்லன். வந்துச்சுன்னா
வந்துச்சு, அவ்ளோதான்.
வந்துடுச்சுன்னா,
அது வருமா வராதான்னு
உனக்கு உள்ளுக்குள்ள ஒண்ணு ஓடியிருக்கணும்.
ஓடி, இப்ப நின்னுடுச்சு.

பஸ்ஸு போச்சு, போயிடுச்சு?
ஓடி வந்து விட்டிருந்தா, போயிடுச்சு.

தலையாட்டினான்.
கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்தான்.
ஊர்ல எனக்குப் பொண்ணு பொறந்துச்சு, மிஸ்.
பொறந்துச்சா, பொறந்துடுச்சா?
நீ பக்கத்துல இருந்தியா?
இல்ல. இங்க லோடு. போன்லதான் பார்த்தேன்.
ராவெல்லாம் தூங்கல.

அப்ப பொறந்துடுச்சு.

கடைசிப் பெட்டி போனது.
கேட்டுக் கம்பம் ஒரு முனகலோடு ஏற
இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஹாரன்.
என் பையில் போன் அதிர்ந்ததா
லாரி அதிர்ந்ததா தெரியவில்லை.
எடுத்துப் பார்ப்பதற்குள்
பின்னாலிருந்து லல்லன் கத்தினான்:

மிஸ், தொறந்துடுச்சு!