பதினோரு குச்சிகள்

காலையில் பசப்பனின் மடியைச் சோதித்தது நான்தான்.
களி உருண்டை, ஒரு வெங்காயம், புகையிலைப் பொட்டலம்,
ஒரு தீப்பெட்டி.
பங்குனி கழியும் வரை காட்டுக்குள் நெருப்பு போகக் கூடாது என்றேன்.
திறந்து எண்ணிக் காட்டினான்:
"பதினொன்னு இருக்குது.
சாயங்காலம் பதினொன்னும் வேணும்."
ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.
நோட்டில் நான் எழுதவில்லை.
காக்கிப் பையில் போட்டேன்.
காக்கியும் எனதல்ல,
போன வருசத்து வாட்சர் விட்டுப்போனது,
தோளில் இரண்டு விரல் தொங்கும்.

பருந்துகள்தான் முதலில் சொல்லும்.
நாட்றாம்பாளையத்துக்கு மேலே
மூங்கில் ஓடையின் அந்தப்புறம் பத்துப் பன்னிரண்டு
வட்டமடித்து வட்டமடித்து இறங்கின,
தப்பியோடும் வெட்டுக்கிளிகளைத் தின்ன.
அதற்குக் கீழே புகை,
யாரோ துணி உதறியதுபோல.

நாங்கள் ஏழு பேர்.
இலை ஊதும் எந்திரம் ஒன்று,
அதற்குப் பெட்ரோல் அரை லிட்டர்.
தீயணைப்பு வண்டி அஞ்செட்டி வளைவில் நிற்கிறது,
அதற்கு மேல் ஏறாது என்று போன் வந்தது.
புங்கந்தழை ஒடித்தோம்.
அடிக்கும்போது தூக்கி அடிக்காதே,
பொறி பறக்கும்,
அழுத்தி இழு, பெருக்குவதுபோல் இழு என்று
தொட்டமாதி கத்திக்கொண்டே இருந்தாள்.
அவள் குரல் வரும் பக்கம்தான்
தீ இன்னும் வரவில்லை என்று தெரிந்துகொண்டோம்.

உண்ணிச்செடிப் புதர் பற்றினால்
பேச்சு கேட்காது.
மூங்கில் கணுக்கணுவாய் வெடித்தது.
யானை லத்திகள் கனன்று
சரிவில் உருண்டு வந்தன,
நாங்கள் வெட்டிவைத்த கோட்டைத் தாண்டி,
சருகில் போய் உட்கார்ந்தன.
ஒவ்வொன்றையும் காலால் உடைத்து மண் போட்டேன்.
செருப்பின் அடி இளகிவிட்டது.

கீழே ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள்,
தக்காளிக்கு மருந்தடிக்கும் டேங்கை முதுகில் மாட்டி,
அதில் தண்ணீர்.
புகையில் பூச்சிமருந்து வாடை.
கேழ்வரகுத் தாள் போருக்கும் நெருப்புக்கும் நடுவில்
இனி ஒரு வண்டிப்பாதைதான்.

எதிர்த்தீ வைப்போம் என்றார் வனவர் இளவேனில்.
பாதையிலிருந்து நாமே கொளுத்தி
அதன் பக்கம் அனுப்ப வேண்டும்,
காற்று கொஞ்சம் ஓயும்போது.
யாரிடம் தீப்பெட்டி இருக்கிறது?

அவர் லைட்டர் எந்தச் சரிவில் விழுந்ததோ.
டிரைவர் முனிமாதனின் பெட்டி வியர்வையில் ஊறிக் கூழாகிவிட்டது.
காடே எரிகிறது,
ஒரு குச்சி நெருப்பு இல்லை எங்களிடம்.
கை தானாகப் பைக்குள் போனது.

முதல் குச்சி, மருந்து உதிர்ந்தது.
இரண்டாவதைக் காற்று தின்றது.
மூன்றாவது பற்றியது.
நிமிர்ந்தபோது பத்தடி தள்ளிப் பசப்பன்,
கையில் கருகிய தழை.
பெட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
பிறகு தழையை மாற்ற ஓடினான்.

இரண்டு நெருப்பும் சந்தித்த இடத்தில்
ஒரு மூச்சு நேரம் எல்லார் வேட்டியும் முன்னால் இழுபட்டது.
அப்புறம் தின்ன எதுவும் இல்லை.

விடியும் வரை கட்டைகளைச் சுரண்டினோம்.
சாம்பலுக்குள் ஒரு நட்சத்திர ஆமை,
ஓடு சூடாக இருந்தது. கால் அசையவில்லை.
அதைச் சுற்றிப் போனோம்.

அறிக்கையில் ஒரு வரி இருக்கும்: தீயின் காரணம்.
புது புல்லுக்காக ஆட்டுக்காரன்தான் வைத்திருப்பான்,
பசப்பன் பெயரைப் போடலாமே என்றான் ஒருவன்.
அவன் பெட்டி காலையிலிருந்து என்னிடம் இருக்கிறது என்றேன்.
ஒருத்தனிடம் ஒரு பெட்டிதான் இருக்கும் என்று
யார் சொன்னது, என்றான் முனிமாதன்.
யாரும் சொல்லவில்லை.
தெரியவில்லை என்று எழுதினார் இளவேனில்,
இரண்டு முறை அடித்துவிட்டு.

ஓடைக்கரையில் கைகால் கழுவிக்கொண்டிருந்தான்.
பெட்டியை நீட்டினேன்.
ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு
எண்ணினான்.
"மூணு கொறையுது."
கடனா எழுதிக்க என்றேன்,
எனக்கே தை மாசத்திலிருந்து கூலி வரவேண்டியிருக்குது.

எழுத அவனிடமும் நோட்டு இல்லை.